கயிறும் நாற்காலியும்

கோவையில் பட்டறை நடத்துபவர், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர், சென்னை ஐ.டி. நிறுவனம் ஒன்றில் ஐம்பது பேரைக் கட்டி மேய்ப்பவர் மூவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஆனாலும் மூவருக்கும் புலம்பல் ஒன்றுதான். ஆள் கிடைப்பதில்லை; கிடைத்தால் நிற்பதில்லை; நின்றால் வேலையில் பிடிப்பில்லை. “அந்தக் காலத்து ஆட்கள் மாதிரி வருமா?” என்று முடியும் அந்தப் புலம்பலுக்கு அடியில், யாரும் உரசிப் பார்க்காத ஒரு நம்பிக்கை கிடக்கிறது. வேலை ஒழுக்கம் என்பது தொழிலாளி தன் வீட்டிலிருந்து, தூக்குவாளிச் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்துவர வேண்டிய சாமான் என்பதே அது. எடுத்துவந்தவர் நல்ல ஊழியர். மறந்துவிட்டு வந்தவரை விரட்டியோ மிரட்டியோ வழிக்குக் கொண்டுவர வேண்டும். நேரத்துக்கு வருவது, ஒப்புக்கொண்டதைச் செய்து முடிப்பது, யாரும் பார்க்காதபோதும் கை தளராமல் உழைப்பது எல்லாம் மனிதர்களிடம் கூடக்குறைய இருக்கும் குணங்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஆலையிலோ அலுவலகத்திலோ அந்தக் குணங்கள் தலையெடுப்பதும் வாடிப்போவதும், மேலே இருப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகின்றன. வேலையில் ஒருவருக்குக் கிடைக்கும் மனநிறைவும் அதே ஊற்றிலிருந்துதான் வருகிறது.

இப்படிச் சொல்வது எளிது, நிறுவுவது கடினம். ஒரு கம்பெனியில் ஊழியர்கள் திருப்தியாக இருக்கிறார்கள், இன்னொன்றில் இல்லை என்றால், ஆட்கள் வேறு, ஊர் வேறு, சம்பளம் வேறு, இயந்திரம் வேறு என்று நூறு காரணம் அடுக்கலாம். அதே கட்டடம், அதே ஊர், அதே தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம், ஏறத்தாழ அதே சம்பளம் எல்லாம் அப்படியே இருக்க, நிர்வாகம் மட்டும் மாறிய ஓர் இடம் கிடைத்தால்தான் கேள்விக்கு நேர்மையான விடை வரும். ஆய்வாளர்கள் விரும்பினாலும் உருவாக்க முடியாத அப்படியொரு சூழல், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் தானாக அமைந்தது. நாற்பது ஆண்டு பழைய கதைதான். ஆனால் இதைவிடத் தெளிவான சான்று பிறகு வந்ததாகத் தெரியவில்லை.

1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே கார் ஆலை ஒன்றைத் திறந்தது. 1970-களின் முடிவில் அந்த நிறுவனத்தின் ஆலைகளிலேயே மோசமானது என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. எந்த நாளை எடுத்தாலும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். திங்கட்கிழமை உற்பத்தி லைனை ஓட்ட ஆள் போதாமல் எதிரே இருந்த மதுக்கடையிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்த கதையை அங்கே வேலை பார்த்தவர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஆலைக்குள்ளேயே குடி, சூதாட்டம். எரிச்சலில் இருந்த சிலர் கார்க் கதவின் உட்புறத்தில் காலி பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்கள். வாங்கியவர் ஓட்டும்போதெல்லாம் எங்கிருந்தோ கடகடவென்று சத்தம் வரும். சங்கத்துக்குச் சொல்லாமலே திடீர் வேலைநிறுத்தங்கள். தீர்க்கப்படாத புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. நிர்வாகத்தரப்பு இதற்குச் சொன்ன விளக்கம் நம் ஊர்ப் புலம்பலின் அச்சுப் பிரதிதான்: ஆட்கள் சரியில்லை. 1982-இல் ஆலை இழுத்து மூடப்பட்டு ஏறத்தாழ 5,000 பேர் தெருவுக்கு வந்தார்கள்.

அந்த ஆலைக்குள் பின்பற்றப்பட்ட ஒரு விதியை மட்டும் கவனித்தால் போதும். என்ன ஆனாலும் லைன் நிற்கக் கூடாது. எஞ்சின் பின்பக்கமாக மாட்டியிருந்தாலும், பிரேக் பூட்டப்படாமல் போனாலும், கார் நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும். குறையுள்ள வண்டிகளை முடிவில் ஒரு முற்றத்தில் நிறுத்திப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். தன் கண்ணெதிரே தவறான வண்டி போவதைப் பார்க்கும் தொழிலாளிக்கு இந்த விதி என்ன கற்றுக்கொடுக்கும்? உன் கண்ணும் எங்களுக்கு வேண்டாம், அறிவும் வேண்டாம், கை மட்டும் போதும் என்று கற்றுக்கொடுக்கும். வேலையைச் சரியாகச் செய்ய நினைப்பவர்தான் இங்கே முதலில் நொந்துபோவார். அக்கறை இல்லாதவருக்கு வலியே இல்லை. பிறகு ஓராண்டு கழித்து நொந்தவரும் அக்கறை இல்லாதவர் வரிசையில் சேர்ந்துகொள்வார். அன்றைக்கு வந்து பார்க்கும் மேலாளர் கண்ணுக்கு இருவரும் ஒன்றாகவே தெரிவார்கள்.

அமெரிக்காவில் கால் பதிக்க விரும்பிய டொயோட்டாவும், சிறிய கார் செய்யக் கற்றுக்கொள்ள விரும்பிய ஜெனரல் மோட்டார்ஸும் 1983-இல் கூட்டுச் சேர்ந்தன. மூடிய ஃப்ரீமாண்ட் ஆலையை டொயோட்டா நடத்துவது என்று ஏற்பாடு. நியூ யுனைடெட் மோட்டார் மேனுஃபாக்சரிங் என்ற நீளமான பெயரைச் சுருக்கி ‘நம்மி’ என்று அழைத்தார்கள். (தமிழ்க் காதுக்கு அது ‘நம்பி’ என்று விழுந்தால், பொருத்தமாகவே விழுந்திருக்கிறது.) பழைய ஆட்களையே திரும்ப எடுக்க வேண்டும் என்று ஐக்கிய ஆட்டோ தொழிலாளர் சங்கம் பிடிவாதம் பிடித்தது, டொயோட்டா ஒப்புக்கொண்டது. முதலில் சேர்க்கப்பட்ட சுமார் 2,200 பேரில் 85 விழுக்காட்டினர் அதே ஃப்ரீமாண்ட்காரர்கள். பழைய சங்கத் தலைவர்களும் அவர்களில் இருந்தார்கள். குழுத் தலைவர்களாகப் போகிறவர்களில் சில நூறு பேர் சிறு சிறு அணிகளாக ஜப்பானின் தகாவோகா ஆலைக்கு அனுப்பப்பட்டார்கள். 1984 டிசம்பரில் முதல் கார் வெளியே வந்தது. 1986-க்குள் ஜெனரல் மோட்டார்ஸின் எந்த ஆலையையும் விட நம்மியின் உற்பத்தித்திறன் அதிகம்; பழைய ஃப்ரீமாண்டைப் போல இரண்டு மடங்கு. வேலைக்கு வராதோர் விகிதம் 20-இலிருந்து மூன்று நான்கு விழுக்காடாக இறங்கியது. ஆலையின் கருத்துக்கணிப்பில், வேலையில் திருப்தி என்று சொன்னவர்கள் ஆண்டுக்காண்டு பெருகி, 1990-களின் தொடக்கத்தில் 90 விழுக்காட்டைத் தாண்டினார்கள்.

என்னதான் மாற்றினார்கள்? இயந்திரங்களில் பெரிய புதுமை இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் அதே காலத்தில் ரோபோக்களுக்குக் கொட்டிய பணத்தோடு ஒப்பிட்டால் நம்மி பழைய ஆலைதான். மாற்றம் ஒரு கயிற்றில் தொடங்கியது. லைன் நெடுக மேலே ஒரு கயிறு ஓடும். வேலையில் சிக்கல் என்றால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். இழுத்ததும் விளக்கு எரியும், மெட்டு ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடிவந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்பார். குறித்த நேரத்துக்குள் தீராவிட்டால் லைன் நிற்கும். நிமிடத்துக்கு ஒரு கார் வெளியேறும் ஆலையில் லைன் நிற்பது எவ்வளவு நட்டம் என்பது கயிற்றை இழுப்பவருக்கும் தெரியும். அவ்வளவு பெரிய முடிவைக் கடைசிப் படியில் நிற்பவரிடம் விட்டுவிடுவது ஒரு செய்தி. அடுத்தது கடிகாரம். ஃபிரடெரிக் டெய்லர் 1911-இல் எழுதிய ‘அறிவியல் முறை மேலாண்மை’யின் வழியில், பழைய ஆலையில் பொறியாளர்கள் நிறுத்துகடிகாரத்தோடு வந்து, கையை எங்கே எத்தனை நொடி வைக்கவேண்டும் என்று எழுதித் தந்துவிட்டுப் போவார்கள், அவர்கள் வரும்போது மட்டும் தொழிலாளிகள் மெதுவாக வேலை செய்வார்கள். நம்மியில் கடிகாரம் தொழிலாளர் கைக்கு வந்தது. ஐந்தாறு பேர் கொண்ட குழு, தன் வேலையைத் தானே அளந்து, எது சுலபம், எது பத்திரம் என்று பேசி, முறையைத் தானே எழுதியது. எண்பதுக்கும் மேல் இருந்த வேலைப் பிரிவுகள் உற்பத்திப் பகுதியில் ஒன்றே ஒன்றாயின. மேலாளர்களுக்குத் தனிச் சாப்பாட்டு அறை கிடையாது, வண்டி நிறுத்தத் தனி இடம் கிடையாது.

ஆனாலும் இவையெல்லாம் மேலோட்டமான ஏற்பாடுகள் என்றே எனக்குப் படுகிறது. உண்மையான சோதனை 1987-88-இல் வந்தது. நம்மியில் தயாரான ஷெவர்லே நோவா காரை வாங்க ஆளில்லை. ஆலையின் திறனில் 60 விழுக்காடுகூட ஓடவில்லை. வேறு எந்த அமெரிக்கக் கார் ஆலையாக இருந்தாலும் அடுத்த வெள்ளிக்கிழமையே ஆட்குறைப்பு அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். நம்மியின் ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தது: நிறுவனத்தின் இருப்பே ஆபத்தில் சிக்கினாலன்றி ஆட்களை நீக்கமாட்டோம், அதற்கு முன்னால் மேலாளர்களின் சம்பளத்தைக் குறைப்போம், வெளியே கொடுத்த வேலைகளைத் திரும்ப எடுத்துக்கொள்வோம். எழுதியதைச் செய்தார்கள். வேலை இல்லாதவர்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வெளியாட்களிடம் விட்டிருந்த பணிகளை உள்ளேயே செய்யவைத்தார்கள். ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. தன் வேலையைக் குறைக்கும் யோசனையைத் தானே சொன்னால் தன் வேலையே போய்விடும் என்ற பயம் உள்ள இடத்தில் எந்தத் தொழிலாளியும் வாய் திறக்கமாட்டார், திறக்கவும் கூடாது. அந்தப் பயத்தை 1988 நீக்கியது. வேலை ஒழுக்கம் என்று நாம் சொல்வதில் பாதி, சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது. அதை முதலில் செய்து காட்டியது நிர்வாகம்.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. இரண்டு வருடம் வேலையில்லாமல் அலைந்தவர்கள் திரும்ப வேலை கிடைத்ததும் ஒழுங்காக இருந்ததில் என்ன வியப்பு? அடியாத மாடு படியாது. ஆலையை மூடியதுதான் அடி. இதில் ஓரளவு உண்மை உண்டு. முதல் சில மாதங்களுக்குப் பயமே காரணம் என்றாலும் நான் வாதாடமாட்டேன். ஆனால் பயத்தால் வரும் ஒழுங்குக்கு ஆயுள் குறைவு. வேலை நிலைத்துவிட்டது என்று தெரிந்ததும் அது தளரவேண்டும். நம்மியில் நடந்தது நேரெதிர். வேலை பத்திரம் என்று தெரியத் தெரிய திருப்தியும் யோசனை சொல்லும் பழக்கமும் கூடிக்கொண்டே போயின. அடிபட்ட மாடு வயலுக்கு வரும், உண்மைதான். உழவனிடம் போய், கலப்பை கோணலாக இருக்கிறது என்று சொல்லாது. கார் ஆலைக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டாவது காரியம்.

அது ஜப்பானியப் பண்பாடு, மற்றவர்களுக்குச் சரிப்படாது என்பது இன்னொரு மறுப்பு. கலிஃபோர்னியாத் தொழிலாளர்களிடம் ஜப்பானியப் பண்பாடு எங்கிருந்து வந்தது என்பதை ஒதுக்கிவிட்டாலும், நம் நாட்டிலேயே அதற்கு முப்பது ஆண்டு முன்னால் ஒரு சான்று இருக்கிறது. அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தின் காலிகோ மில் புதிய தானியங்கித் தறிகளை இறக்கியிருந்தது. நல்ல இயந்திரம், தேர்ந்த ஆட்கள். ஆனால் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை, துணியும் சேதமானது. 1953-இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து வந்த ஏ.கே. ரைஸ் ஒரு தறிக்கூடத்தைப் பார்த்தார். 224 தறிகள், 29 ஆட்கள், அவர்களுக்கு 12 விதமான வேலைகள். நூல் அறுந்தால் கட்ட ஒருவர், நாடாவுக்கு நூல் நிரப்ப ஒருவர் என்று எல்லோரும் ஒருவரையொருவர் நம்பியே வேலை செய்ய வேண்டியிருந்தது. ஆனால் யாரும் யாருக்கும் பொறுப்பில்லை. ஒரு தொகுதித் தறிகளை ஒரு சிறு குழுவிடம் முழுதாக ஒப்படைத்தால் என்ன என்று பேச்சு எழுந்தது. ஆலோசகர் திட்டம் வரைந்து முடிப்பதற்குள் தொழிலாளர்களே அந்த யோசனையைப் பற்றிக்கொண்டு, யாரோடு யார் சேர்வது என்று தாங்களாகப் பேசிக் குழு பிரித்துக்கொண்டார்கள். முதலில் தடுமாற்றம், பிறகு உற்பத்தி உயர்ந்தது, சேதம் குறைந்தது. பல ஆண்டுகள் கழித்து அந்த மில்லுக்குப் போய்ப் பார்த்த எரிக் மில்லர், சில கூடங்களில் முறை கரைந்துபோயிருந்ததையும் ஒரு கூடத்தில் அது உயிரோடு இருந்ததையும் பதிவு செய்தார். கரைந்த இடங்களையும் மறைக்காமல் சொன்னதால் அந்த ஆய்வின் மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது.

இடதுசாரிகள் எழுப்பிய மறுப்பு இவற்றைவிடக் கூர்மையானது. மைக் பார்க்கரும் ஜேன் ஸ்லாட்டரும் 1988-இல் எழுதிய நூலில் நம்மியின் முறைக்கு ‘நெருக்கடியால் நிர்வகித்தல்’ என்று பெயர் வைத்தார்கள். பழைய ஆலையில் நிமிடத்துக்கு 45 நொடி வேலை, மீதி மூச்சு விடலாம். நம்மியில் 57 நொடி. திருப்தி, குழு, குடும்பம் என்ற இனிப்பு தடவி உழைப்பைப் பிழிகிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. முழுக்கத் தள்ளிவிட முடியாத வாதம் இது. 1993-இல் புதிய மாடலுக்கு மாறியபோது கை, தோள், முதுகு உபாதைகள் பெருகி, கலிஃபோர்னியாவின் தொழிற்பாதுகாப்புத் துறை நம்மியின் மேல் நடவடிக்கை எடுத்தது. கருத்துக்கணிப்பில் திருப்தி என்று எழுதிய கையும் வலித்திருக்கும். ஆனாலும் அந்த 57 நொடி வேலைக்கு வந்தவர்கள் பழைய 45 நொடி வேலைக்குத் திரும்ப ஆசைப்படவில்லை என்பதை எப்படி விளங்கிக்கொள்வது? உழைப்பின் அளவு ஒன்று, உழைப்பின் மேல் ஒருவருக்கு உள்ள பிடி இன்னொன்று. மனிதர்களை அதிகம் வாட்டுவது பின்னதன் இன்மைதான் என்றே சான்றுகள் சொல்கின்றன. லண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துச் சொச்சம் பேரை 1985 முதல் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வில், மைக்கேல் மார்மட் குழுவினர் கண்டது இதைத்தான். தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்று முடிவெடுக்க வழியில்லாதவர்களுக்கே இதயநோய் அபாயம் கூடுதலாக இருந்தது. அறையில் உட்கார்ந்து கோப்பு புரட்டும் வேலைதான். லைன் இல்லை, கயிறு இல்லை. இருந்தும் அப்படி.

சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்போர் உண்டு. ஹென்றி ஃபோர்டின் கதை அவர்களுக்குச் சாதகமாகத் தோன்றும். 1913-இல் அவருடைய டெட்ராய்ட் ஆலையில் ஆட்கள் வந்துபோன விகிதம் 370 விழுக்காடு. ஓர் இடத்தில் ஓராண்டில் கிட்டத்தட்ட நான்கு பேர் வந்து ஓடியிருக்கிறார்கள் என்று பொருள். 1914 ஜனவரியில் தினக்கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 5 டாலர் ஆக்கினார், வேலைநேரத்தை 9-இலிருந்து 8 மணியாக்கினார். 1915-இல் அதே விகிதம் 16 விழுக்காடு. காசு வேலை செய்தது; பசித்தவனிடம் மனநிறைவைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் அந்த 5 டாலர் எல்லோருக்கும் சும்மா கிடைக்கவில்லை. ஃபோர்டின் ‘சமூகவியல் துறை’ அதிகாரிகள் தொழிலாளியின் வீட்டுக்கே வந்து குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீடு சுத்தமா என்று பார்த்துக் குறிப்பெழுதிய பிறகே முழுத்தொகை. தொழிலாளியின் ஒழுக்கத்தை இப்படி அளந்த முதலாளியின் ஒழுக்கத்தை அளக்க எந்தத் துறையும் இல்லை. காசு ஆளை நிறுத்திவைத்தது. வேலையைப் பிடிக்கவைத்ததாகச் சொல்ல ஆதாரம் கிடையாது. நம்மியிலோ சம்பளம் மற்ற அமெரிக்கக் கார் ஆலைகளில் இருந்ததுதான்.

சிலர் எங்கே போனாலும் மகிழ்ச்சியாக இருப்பார்கள், சிலருக்குத் தங்கத்தட்டில் சோறு போட்டாலும் குறைதான் என்ற அனுபவ ஞானத்துக்கும் ஆய்வுச் சான்று உண்டு. பிறந்ததும் பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த 34 ஜோடி இரட்டையரை ஆராய்ந்த 1989-ஆம் ஆண்டுக் கட்டுரை, வேலைத் திருப்தியில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் சுமார் 30 விழுக்காடு பிறவியோடு வருவது என்று கணக்கிட்டது. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் ஏற்றுக்கொள்வோம். ஃப்ரீமாண்டில் மரபணு மாறவில்லை, ஆலை மாறியது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். இதையொட்டி இன்னொரு விஷயம். ஊழியரை மகிழ்ச்சியாக வைத்தால் உற்பத்தி பெருகும் என்று மேலாண்மைப் பேச்சாளர்கள் மேடைதோறும் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். டிமோத்தி ஜட்ஜும் சகாக்களும் 2001-இல் 54,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, திருப்திக்கும் செயல்திறனுக்கும் உள்ள இணைப்பு 0.30 என்று வந்தது. ஒன்று என்றால் முழு இணைப்பு, பூஜ்யம் என்றால் இல்லை. ஆக இருக்கிறது, ஆனால் பெரிதாக இல்லை. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதும் வெள்ளிக்கிழமை பாட்டுப் போட்டி வைப்பதும் வீண்போவது இதனால்தான். திருப்தி உழைப்பைப் பிறப்பிப்பதைவிட, இரண்டையும் பிறப்பிக்கும் தாய் ஒருத்தி இருக்கிறாள். தன் வேலையில் தனக்குச் சொல் இருப்பதும், மேலே இருப்பவர் சொன்ன சொல் நிற்பதும்தான் அவள்.

நம் பக்கத்து வரலாற்றைப் புரட்டினாலும் இதே நூல் கையில் அகப்படுகிறது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னை பெரம்பூர்ப் பக்கத்தில் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது; செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அதற்கு வித்திட்டவர்கள், திரு.வி.க. துணை நின்றவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வது வழக்கம். அதில் திரண்ட பக்கிங்காம் கர்நாடிக் மில் தொழிலாளருக்குக் கூலி போதவில்லைதான். ஆனால் அவர்கள் முதலில் கொட்டிய குறைகளில் முன்னால் நின்றவை, மத்தியானம் சோறு தின்ன நேரம் போதாததும் மேலாளர்கள் கைநீட்டுவதும். அள்ளி வாயில் போட்டதை மென்று விழுங்குவதற்குள் சங்கு ஊதினால், அந்தக் கவளம் ஒருவரிடம் நிர்வாகத்தைப் பற்றிச் சொல்வதை எந்தச் சம்பளச் சீட்டும் அழிக்காது. நூற்பாலைகளில் பின்னாளில் வந்த சுமங்கலித் திட்டம் அந்த மனப்பான்மையின் இன்னொரு முகம். மூன்று வருடம் முடித்தால்தான் மொத்தப் பணம் என்று சொல்லி இளம்பெண்களைத் தக்கவைக்க முயன்றார்கள். பிடிப்பு வராத இடத்தில் பிணை.

சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்து ஒரு நூற்றாண்டு கழித்து, 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி தரவேண்டும் என்று எழுதியது. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் போராடியபின் 2018-இலேயே இது வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு மணிநேரம் நின்றே வேலை பார்த்து, கால் நரம்பு சுருண்டு, சிறுநீர் கழிக்கப் போகவேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்களுக்காகச் சட்டசபை கூட வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் ஏன் உட்காரக் கூடாது? உட்கார்ந்தால் சோம்பேறி மாதிரித் தெரியும். நிற்பதால் ஒரு சேலைகூடக் கூடுதலாக விற்பதில்லை. நிற்பது விசுவாசத்தின் காட்சி, அவ்வளவே. வேலை ஒழுக்கம் என்ற பெயரில் நம் நிறுவனங்கள் வாங்கிக்கொள்வதில் எவ்வளவு உண்மையான வேலை, எவ்வளவு இப்படிக் காட்சி என்று பிரித்துப் பார்த்தால் பல கடைகளில், பல அலுவலகங்களிலும், கணக்கு சங்கடமாக வரும். மேலாளர் கிளம்பும்வரை கணினி முன் உட்கார்ந்திருக்கும் மென்பொருள்காரரும், உட்காராமல் நிற்கும் சேல்ஸ் பெண்ணும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்.

காது கொடுத்துக் கேட்பதால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு பெங்களூரில் நடந்த ஒரு சோதனையைச் சொல்லலாம். ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆண்டுச் சம்பள உயர்வு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. அச்சுதா அத்வர்யு உள்ளிட்ட பொருளியலாளர்கள், குலுக்கல் முறையில் தேர்ந்த ஒரு பகுதித் தொழிலாளர்களிடம் மட்டும் வேலையைப் பற்றி, சூப்பர்வைசரைப் பற்றி, சம்பளத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டார்கள். சம்பளம் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. ஆனாலும் கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டுப்போனது, கேட்கப்படாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இதைப் படித்துவிட்டு, கேட்டுவைத்துக் கிடப்பில் போட்டால் போதும் என்று கணக்குப் போடும் நிர்வாகிகளும் இருப்பார்கள். முதல் தடவைக்கு அந்தத் தந்திரம் பலிக்கலாம். அடுத்த ஆண்டு அதே படிவத்தை நீட்டினால் தொழிலாளி சிரிப்பார்.

நல்ல முதலாளி இருந்தால் சங்கம் எதற்கு என்ற கேள்வியும் இங்கே எழும். 2024-இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் சாம்சங் ஆலையில் 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் மையத்தில் இருந்தது சங்கத்தை அங்கீகரிக்கும் கேள்விதான். நம்மி இதில் தெளிவான பாடம். டொயோட்டா பழைய சங்கத்தை ஏற்றுக்கொண்டுதான் உள்ளே வந்தது. ஆட்குறைப்பு செய்யமாட்டோம் என்ற வாக்குறுதி வாய்ச்சொல்லாக இல்லாமல் ஒப்பந்தத்தில் ஏறியதற்குச் சங்கமே காரணம். மேலாளர் மாறலாம், மனம் மாறலாம், கையெழுத்து நிற்கும். அதுவும் என்றைக்கும் நிற்குமா என்றால் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2009-இல் திவாலாகிக் கூட்டிலிருந்து விலக, டொயோட்டாவும் கைவிட, 2010 ஏப்ரல் 1 அன்று நம்மி மூடப்பட்டது. கால் நூற்றாண்டு ஒழுங்காக உழைத்தவர்களுக்கு அந்த ஒழுங்கு வேலையைக் காப்பாற்றித் தரவில்லை. வேலைத் திருப்தியைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை மறைக்கக் கூடாது.

நம்மி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் தன் மற்ற ஆலைகளில் நகலெடுக்கப் பார்த்தது. நம்மியின் ஒவ்வோர் அங்குலத்தையும் படம் எடுத்து வந்து இங்கேயும் அப்படியே இருக்கவேண்டும் என்று ஒரு மேலதிகாரி உத்தரவு போட்டதாக அங்கே பணியாற்றியவர்கள் சொல்வார்கள். ஃப்ரீமாண்டிலிருந்து ஐந்தாறு மணிநேரக் கார்ப் பயணத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வான் நைஸ் ஆலையில் குழுக்கள் அமைத்தார்கள், கயிறும் கட்டினார்கள். அங்கேயும் மூடிவிடுவோம் என்ற மிரட்டல் பல வருடமாகத் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. பயம் பாடம் கற்பிக்கும் என்றால் அங்கே கற்பித்திருக்க வேண்டும். ஆனால் மேற்பார்வையாளர்களின் ஊக்கத்தொகை எத்தனை கார் வெளியே போனது என்பதைப் பொறுத்தே இருந்தது. லைன் நின்றால் அவர்கள் கைக்காசு போகும். அதனால் யாராவது கயிற்றை இழுத்தால், என்ன உதவி வேண்டும் என்று கேட்க ஓடி வருவதற்குப் பதில், ஏன் இழுத்தாய் என்று கேட்கத்தான் வந்தார்கள். கொஞ்ச நாளில் கயிற்றை இழுப்பதைத் தொழிலாளர்கள் விட்டுவிட்டார்கள். 1992 ஆகஸ்டில் அந்த ஆலை மூடப்பட்டது.